ஒரு சூப்பர்மோட்டோ, இரண்டு பயணங்கள், ஒரு தவறான டயர்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

தார் ரோட்டுக்கென்று அமைத்த சூப்பர்மோட்டோ பைக், பார்க்க மண்ணில் ஓடுகிற வண்டி மாதிரியே இருக்கும். உயரமான சீட், நீளமான ஃபோர்க், அகலமான ஹேண்டில்பார், ஒல்லியான உடம்பு. சக்கரத்தைத் தவிர மற்றதெல்லாம் மண்ணுக்கு ஏற்றதுதான். ஆனால் மண்ணில் பெரும்பாலான விஷயங்களை முடிவு செய்வது சக்கரம்.

சுஸுகியின் டிஆர்-இசட்400 வரிசையை எடுத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். மண்ணுக்கான எஸ், சூப்பர்மோட்டோவான எஸ்எம் இரண்டிலும் அதே 398 சிசி ஒற்றை சிலிண்டர். எஸ் வண்டிக்கு முன்னால் 80/100-21, பின்னால் 120/90-18 டயர் (முதல் எண் மி.மீ.இல் அகலம், இரண்டாவது அதில் எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம், கடைசி எண் அங்குலத்தில் ரிம் விட்டம்). எஸ்எம் வண்டிக்கு முன்னால் 120/70-17, பின்னால் 140/70-17. இந்த ஆய்வில் வருவது எஸ்எம். அதன் முன் ரிம் 3.5 அங்குல அகலம், பின் ரிம் 4.5 அங்குல அகலம். இரண்டும் ஸ்போக் ரிம், உள்ளே ட்யூப். ரிம் அகலம் பிறகு பெரிய விஷயமாக வந்து நிற்கும்.

ஓட்டியவருக்கு இந்த வண்டியில் மூன்று வருடப் பழக்கம், எல்லாம் தாரில். மண்ணில் ஓட்டியதே இல்லை. உடன் வந்தவர் 21/18 சக்கரம் போட்ட 250 சிசி வண்டியில் மண்பாதைகளில் பழகியவர். திட்டமிட்ட பாதை போக வர 170 கி.மீ. அதில் தார் இல்லாதது 38 கி.மீ.: இறுகிய மண்ணில் சரளை உதிர்ந்த பாதை 14, தடம் பள்ளம் விழுந்த வண்டிப்பாதை 15, கல் ஏற்றம் 8, மீதி ஒன்று வறண்ட ஆற்று மணல்.

கிளம்பும்போது இருந்தவை தார் ரோட்டுக்கான ரேடியல் டயர்கள், ஏறக்குறைய புதியவை. முன்னால் 29, பின்னால் 31 பிஎஸ்ஐ காற்று. அளந்தது காற்றடிக்கும் இடத்து மீட்டர். கையில் தனி மீட்டர் இல்லை.

முதல் பயணம்: விழுந்த இடம்

சரளைப் பாதையில் முதல் 5 கி.மீ. சிக்கல் இல்லை. ஆறாவது கிலோமீட்டரில், இறக்கத்தில் இடப்பக்கம் திரும்பும் ஒரு சாதாரண வளைவுக்குச் சற்று முன், சுமார் 30 கி.மீ. வேகத்தில் முன்சக்கரம் மடிந்து வண்டி சாய்ந்தது. முழங்கையில் சிராய்ப்பு, கிளட்ச் லீவர் நுனி உடைந்தது. வேறு சேதம் இல்லை.

"டயர் வழுக்கிடுச்சு" என்பதுதான் முதலில் வந்த விளக்கம். உடன் வந்தவர் தடத்தைப் பார்க்கச் சொன்னார். கோலிக்குண்டு மாதிரி உருண்டைச் சரளை, அடியில் சிமெண்ட் போல இறுகிய தரை. அதன்மேல் முன் டயர் சரளையை ஒதுக்கித் தள்ளிய கோடு ஒன்று, இரண்டு மீட்டருக்கு நேராக, ஒரே அகலத்தில் இருந்தது. அதன் பிறகே கோடு பக்கவாட்டில் வளைந்தது. வளைவில் சாய்த்ததால் வழுக்கியிருந்தால் தடம் தொடக்கத்திலிருந்தே வளைந்திருக்கும். நேர்க்கோடு சொல்வது, வளைவுக்கு முன்பே முன்சக்கரம் பூட்டிக்கொண்டது என்பதை. தாரில் இரண்டு விரலால் பிடித்துப் பழகிய அழுத்தம் இங்கேயும் அப்படியே போயிருக்கிறது. சூப்பர்மோட்டோவின் முன் டிஸ்க் தாரில் கடினமாக நிறுத்துவதற்கென்றே பெரிதாக வைத்தது. உதிரிச் சரளையில் அந்த பிரேக்குக்கு ஒரு விரலே தாராளம்.

டயருக்கும் பங்கு உண்டு. 120 மி.மீ. அகலமுள்ள, வழவழப்பான முன் டயர் சரளையைக் கிழித்து அடித்தரையைத் தொடாது, மேலேயே மிதக்கும். 80 மி.மீ. டயர் அதே எடையைக் குறுகிய இடத்தில் இறக்கிக் கீழே போய்ப் பிடிக்கும்.

அந்த இடத்தில் எடுத்த முடிவு

திரும்பிவிடலாமா என்று யோசித்து, தொடர்வதாக முடிவானது. மூன்று மாற்றங்கள் செய்தார்கள். உடன் வந்தவரின் மீட்டரை வைத்து முன்னால் 20, பின்னால் 22 பிஎஸ்ஐக்குக் காற்றை இறக்கினார்கள். முன் பிரேக்குக்கு ஒரே விரல், அதுவும் வண்டி நேராக நிமிர்ந்திருக்கும்போது மட்டும். இறக்கத்தில் எழுந்து நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளி, பின் பிரேக்கால் வேகம் குறைப்பது. தார் வளைவில் காலை முன்னால் நீட்டும் சூப்பர்மோட்டோ பழக்கத்தையும் உடன் வந்தவர் அன்றைக்கு விடச் சொன்னார். நின்றுகொண்டிருப்பவருக்கு அது உதவாது.

பலன் உடனே தெரிந்தது. அடுத்த 8 கி.மீ. சரளையும் 15 கி.மீ. வண்டிப்பாதையும் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் முடிந்தன.

கல் ஏற்றத்தில் பஞ்சர்

சரளையில் காப்பாற்றிய 20 பிஎஸ்ஐ கல்லில் காலை வாரியது. ஏற்றத்தின் மூன்றாவது கிலோமீட்டரில், சற்று வேகமாக, விளிம்பு கூரான ஒரு கல்லில் முன்சக்கரம் மோதியது. ஐம்பது மீட்டருக்குள் காற்று முழுக்க இறங்கிவிட்டது. ட்யூபை எடுத்துப் பார்த்தபோது ஒரு செ.மீ. இடைவெளியில் அருகருகே இரண்டு கீறல். டயர் முழுக்க நசுங்கி, கல்லுக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவே ட்யூப் கடிபட்ட அடையாளம் இது. முள் குத்தினால் ஓட்டை ஒன்றுதான் இருக்கும்.

பதினேழு அங்குல டயருக்குப் பக்கச்சுவர் உயரம் குறைவு, அதனால்தான் கடிபடுகிறது என்று பலரும் சொல்வதுண்டு. கணக்குப் போட்டால் முன் டயரில் அது சரிவரவில்லை. 120-இல் 70 சதவீதம் 84 மி.மீ. 80/100-21 டயரில் அது 80 மி.மீ. சூப்பர்மோட்டோவுக்குத்தான் 4 மி.மீ. அதிகம். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று, தார் ரேடியலின் பக்கச்சுவர் வளைந்துகொடுக்கவென்றே மெல்லியதாகச் செய்தது. மற்றொன்று விட்டம். 120/70-17 டயரின் விட்டம் ஏறக்குறைய 600 மி.மீ., 80/100-21 டயரின் விட்டம் 693 மி.மீ. பத்து செ.மீ. உயரக் கல் முன்னதை 48 டிகிரி கோணத்தில் சந்திக்கிறது, பின்னதை 45 டிகிரியில். மூன்று டிகிரி தானே என்று தோன்றும். ஒவ்வொரு கல்லிலும், ஒவ்வொரு குழி விளிம்பிலும் அந்த மூன்று டிகிரி அடியாக வந்து விழுந்துகொண்டே இருக்கும்.

ட்யூப் மாற்ற ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. இவ்வளவு நேரம் ஏன் ஆனது என்பதை விவரமாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த ரிம்களின் உள்ளே, பீட் (டயரின் தடித்த உள் ஓரம்) உட்காரும் இடத்தை ஒட்டி ஒரு மேடு ஓடுகிறது. காற்று குறைந்தாலும் பீட் நழுவி உள்ளே விழாமல் பிடிப்பதற்கான மேடு அது. தாரில் அது பாதுகாப்பு. மண்ணில் உட்கார்ந்து டயர் கழற்றுபவருக்கு அதுவே எதிரி. காலால் மிதித்தால் பீட் அசையாது. சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து, உடன் வந்தவரின் வண்டியின் சைடு ஸ்டாண்டை டயரின் மேல், ரிம்மை ஒட்டி இறக்கி, வண்டியைச் சாய்த்து அழுத்திய பிறகே பீட் விட்டது.

அடுத்தது பழக்கமின்மையால் வந்த தவறு. புது ட்யூபைப் போட்டு டயரை ஏற்றும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் முடித்தார்கள். வால்வு இருக்கும் இடத்தில் ட்யூபும் நட்டும் அடைத்துக்கொண்டு பீட் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறங்காது. பீட் பள்ளத்தில் இறங்காவிட்டால் எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைக்காது. தளர்வில்லாமல் லீவரை நெம்பினால் லீவர் நுனி ட்யூபைக் கிள்ளும். கிள்ளியது. மறுபடி கழற்றி, ஒட்டி, இந்த முறை எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, முழங்காலால் அந்தப் பக்கத்தைப் பள்ளத்துக்குள் அழுத்திப் பிடித்து, வால்வில் முடித்தபோது கடைசி அங்குலம் கையாலேயே ஏறியது.

சிறிய கைப்பம்பால் பீட் முழுக்க உட்காரும் அளவு அழுத்தம் ஏற்ற முடியவில்லை. டயரின் பக்கத்தில், ரிம்மை ஒட்டிச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு ஒரு இடத்தில் ரிம்முக்குள் மறைந்திருந்தது. அதோடு 40 கி.மீ. வேகத்தில், ஹேண்டில் ஆட ஆட, ஆற்று மணலைத் தவிர்த்துத் தார் வழியாகவே திரும்பினார்கள்.

பட்டறையில் கண்டவை

முன் ரிம்மின் ஓட்டம் 2.5 மி.மீ. விலகியிருந்தது. நான்கு ஸ்போக் தளர்ந்திருந்தன. பின் ட்யூபின் வால்வு ஓட்டையில் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. 22 பிஎஸ்ஐயில் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரைத் திருகியபோது டயர் ரிம்மின் மேல் நகர்ந்து, ட்யூபையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இந்த ரிம்களில் டயரைப் பிடித்துவைக்கும் ரிம் லாக் இல்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் வால்வு அடியோடு பிய்ந்திருக்கும். அது ஒட்டிச் சரிசெய்யக் கூடிய பஞ்சரும் இல்லை.

வால்வின் நட்டு ரிம்மோடு இறுக்கியிருந்ததும் தவறு. நட்டை மேலே ஏற்றி வால்வு மூடியோடு சேர்த்து இறுக்கிவிட்டால், டயர் நகரும்போது வால்வு சாய்ந்து முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். டயருக்கும் ரிம்முக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டுவைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டும் அன்றே செய்யப்பட்டன.

தவறான டயர்

பட்டன் டயர், அதாவது மண்ணைப் பிடிக்க ரப்பர் கட்டைகள் துருத்தி நிற்கும் டயர், போடுவது என்று முடிவானது. "மண்ணுக்கு ஒல்லி டயர்தான் நல்லது" என்ற, பொதுவாகச் சரியான ஒரு கருத்தை நம்பி, பின்னால் 130/80-17 பட்டன் டயர் வாங்கினார்கள். மண்ணுக்கான நல்ல டயர்தான். ஆனால் அந்த அளவு டயர் ஏறக்குறைய 3 அங்குல ரிம்முக்கென்று வடிவமைத்தது, 3.5 வரை தாங்கும். இங்கே ரிம் 4.5 அங்குலம்.

ஏற்றியதும் மெக்கானிக் நிறுத்திவிட்டார். "அண்ணே, ரெண்டு சைடும் வெளிய இழுத்துக்கிட்டு நிக்குது பாருங்க. ரிம் டயரைத் தாண்டி நிக்குது." பின்னாலிருந்து பார்த்தால் வட்டமாக இருக்க வேண்டிய டயரின் முதுகு பலகை மாதிரி தட்டையாகிவிட்டிருந்தது. ஓர வரிசைப் பட்டன்கள் நேராகத் தரையைப் பார்த்தன. பக்கச்சுவர் ரிம் விளிம்பை மூடிக் காக்கவில்லை. முதல் கல்லே ரிம்மில்தான் விழும்.

ஆனாலும் தாரில் 12 கி.மீ. ஓட்டிப் பார்த்தார்கள். தேவையில்லாத சோதனைதான், ஆனால் தெரிந்துகொண்டது உண்மை. வண்டி முதலில் சாய மறுக்கிறது. தட்டை முதுகின் ஓரத்தைத் தாண்டியதும் சட்டென்று விழுகிறது. நடுவில் நிற்குமிடமே இல்லை. டயரைக் கழற்றிவிட்டார்கள்.

இரண்டாவது தேர்வு

இந்த முறை ரிம்மிலிருந்து தொடங்கினார்கள். முன் ரிம் 3.5 அங்குலம், அதற்கு 120/70-17 சரியான அளவு. அந்த அளவில் பாதி மண், பாதி தார் வகைப் பட்டன் டயர் கிடைக்கிறது. கான்டினென்டல் டிகேசி 80 இந்த வகைக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு. பின் ரிம் 4.5 அங்குலம். அதே வகையில் 150/70-17 கிடைத்தது, ரிம் அகலம் அந்த டயரின் மேல் எல்லையில் வந்து நிற்கிறது. டயரின் உச்ச வேகத்தைக் குறிக்கும் எழுத்து கியூ, அதாவது மணிக்கு 160 கி.மீ. இந்த வண்டிக்குப் போதும். மண் பந்தயத்துக்கான முழு மோட்டோகிராஸ் டயர் என்ற யோசனை நீண்ட நேரம் எடுக்கவில்லை. அதன் பின் டயர்கள் குறுகிய ரிம்முக்கானவை, தாரில் 130 கி.மீ. ஓடினால் பட்டன் கரைந்துபோகும்.

பழைய 140/70-17 டயரின் விட்டம் 628 மி.மீ., புதியது 642 மி.மீ. ஆரம் 7 மி.மீ. கூடுகிறது, ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. அகலம் கூடுகிறது. வாங்கும் முன் இடைவெளி அளந்தார்கள். பழைய டயரின் ஓரத்துக்கும் செயினுக்கும் நடுவே 11 மி.மீ. இருந்தது. புதியதில் 6 மி.மீ. மிஞ்சும். காய்ந்த பாதைக்கு இது போதும். களிமண் அப்பினால் செயின் பட்டன்களின் ஓரத்தை உரசும். இந்த வண்டியை ஈரக் களிமண்ணில் எடுக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டார்கள்.

முன்னால் பிரச்சினை மட்கார்டு. தாழ்வான சூப்பர்மோட்டோ மட்கார்டுக்கும் பட்டனுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையவில்லை. ஒரு கல் சிக்கினால் சக்கரம் நிற்கும். அதை எடுத்துவிட்டு, ஃபோர்க் மேல் பகுதியில் பொருத்தும் உயர மட்கார்டு போட்டார்கள். தாரில் வேகமாகப் போகும்போது அது காற்றை வாங்கி ஹேண்டிலை லேசாக ஆட்டுகிறது. சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெரிய பின் டயர் கியரை 2.2 சதவீதம் நீட்டுகிறது. மண்ணில் வேண்டியது அதற்கு நேர் எதிர். முன் ஸ்ப்ராக்கெட்டை 15 பல்லிலிருந்து 14 ஆக்கினார்கள், பின்னால் 41 பல் அப்படியே. விகிதம் 2.73-இலிருந்து 2.93. டயரின் கணக்கைக் கழித்தால் நிகரமாக ஏறக்குறைய 5 சதவீதம் குறைந்த கியர். முதல் கியரில் கிளட்சைத் தேய்க்காமல் கல் ஏற்றத்தில் ஊர்ந்து போக அது போதுமாக இருந்தது. சின்ன ஸ்ப்ராக்கெட்டில் செயின், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் மேல் ரப்பரைச் சற்று அதிகம் உரசும். அதை 500 கி.மீ.க்கு ஒருமுறை பார்ப்பது அட்டவணையில் சேர்ந்தது.

இரண்டிலும் தடித்த ட்யூப். பீட் உட்கார சோப்புத் தண்ணீர், 40 பிஎஸ்ஐ, பிறகு பக்கக் கோடு சுற்றிலும் சமமாகத் தெரிகிறதா என்று பார்த்து, தேவையான அளவுக்கு இறக்குதல். புது டயரின் மெழுகுத்தன்மை போக முதல் 150 கி.மீ. தாரில் நிதானமாக ஓட்டினார்கள்.

இரண்டாவது பயணம்

அதே பாதை, அதே இருவர். தாரில் முன் 26, பின் 28. சரளையில் 20, 22. கல் தொடங்கும் இடத்தில் நின்று முன்னால் 24, பின்னால் 25-க்கு ஏற்றினார்கள். கையில் சொந்த மீட்டர், மின்பம்பு.

சரளை வளைவு சாதாரணமாகக் கடந்தது. தடம் பார்க்க நின்றபோது, முன் டயரின் பட்டன்கள் சரளைக்குள் இறங்கி அடித்தரையில் அச்சுப் பதித்திருந்தன. கல் ஏற்றம் பஞ்சர் இல்லாமல் முடிந்தது. ஆனால் 24 பிஎஸ்ஐ இருந்தும் முன் ரிம் விளிம்பில் ஒரு இடம் 2 மி.மீ. நெளிந்திருந்தது. பெயின்ட் கோடு முன்னால் அசையவில்லை. பின்னால் 4 மி.மீ. நகர்ந்திருந்தது.

மணலில் டயர் மாற்றியதால் கிடைத்த பயன் மிகக் குறைவு. 120 மி.மீ. முன் டயர் பட்டன் இருந்தாலும் மணலை உழுதுகொண்டு போகிறது, திரும்பச் சொன்னால் திரும்பாது. நானூறு மீட்டரில் இரண்டு முறை சாய்ந்து, மீதியைக் காலால் தள்ளிக் கடந்தார்கள். 250 வண்டி பக்கத்திலேயே இரண்டாவது கியரில் போய்விட்டது.

2,900 கி.மீ. கழித்து

பின் டயரின் நடு வரிசைப் பட்டன்கள் 9 மி.மீ.இலிருந்து 4 மி.மீ. ஆகிவிட்டன. ஓர வரிசைகள் கிட்டத்தட்டப் புதிதாகவே இருந்தன. தாரில் ஓடிய தூரம்தான் அதிகம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். முன் டயரில் பட்டன்கள் ரம்பப் பல் போலச் சரிந்து தேய்ந்து, 60 கி.மீ. வேகத்தில் ஓர் உறுமல் கேட்கத் தொடங்கியது. ஈரத் தாரில் பழைய ரேடியல் நின்ற இடத்தில் இது நிற்பதில்லை. ஓட்டியவர் அதற்கேற்ப இடைவெளியைக் கூட்டிக்கொண்டார், வளைவில் சாய்ப்பதையும் குறைத்துக்கொண்டார். சூப்பர்மோட்டோவை வாங்கியதே அந்தச் சாய்ப்புக்காகத்தான் என்று நினைப்பவருக்கு இது சிறிய இழப்பில்லை.

மறுபடி செய்தால்

ரிம் அகலத்தை ரிம்மிலேயே படித்துவிட்டுத்தான் டயர் அளவை யோசிப்பார்கள். 130/80 வாங்கிய செலவு மிஞ்சியிருக்கும். முதல் பயணத்துக்கு டயர் மாற்ற வேண்டியதே இல்லை என்பதும் பின்னோக்கிப் பார்த்தால் தெரிகிறது. சொந்த மீட்டர், ஒரு விரல் பிரேக், கல் வரும்போது காற்றை ஏற்றும் பொறுமை, இந்த மூன்றும் இருந்திருந்தால் தார் டயரிலேயே 14 கி.மீ. சரளையும் 15 கி.மீ. வண்டிப்பாதையும் போய் வந்திருக்கலாம். கல் ஏற்றத்தை மட்டும் விட்டிருக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒருமுறை டயரைக் கழற்றி மாட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்பதையும் இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

ரிம் லாக் பற்றிப் பேச்சு வந்தது. பின்னால் 20-க்குக் கீழே இறக்குவதில்லை என்று வைத்துக்கொண்டால் இப்போதைக்குத் தேவையில்லை என்று முடிவானது. பின் டயர் ஒரே பயணத்தில் ஒரு செ.மீ. நகர்ந்தால் அந்த முடிவு மாறும்.

மண்ணின் பங்கு மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் 21/18 சக்கர செட் ஒன்றுக்குப் போவது என்று பேசிவைத்திருக்கிறார்கள். அதற்கு முன் அளக்க வேண்டியவை: முன் ஆக்ஸிலின் விட்டமும் ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) பேரிங்கும், டிஸ்க் உட்காரும் தூரம், இப்போதைய காலிப்பர் பிராக்கெட்டுக்கு அந்த டிஸ்க்கின் விட்டம் ஒத்துவருகிறதா, பின் ஸ்ப்ராக்கெட் செயின் கோட்டில் நிற்கிறதா. முன்னால் 47 மி.மீ.யும் பின்னால் 16 மி.மீ.யும் வண்டி உயரும். இப்போதைய சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் அளவுக்கு மீறிச் சாயும், ஸ்டாண்டின் அடியில் ஒரு தகடு பற்றவைக்க வேண்டியிருக்கும். ஆக்ஸில் அளவு எடுத்தாகிவிட்டது. ஹப் இன்னும் கிடைக்கவில்லை.